ஸ்டுடியோவில் வாங்கிய அப்பா

ராஜபாளையத்தில் சங்கரலிங்கத்தின் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது பட்டாளத்து உடுப்பில் ஒரு ஆள். முறுக்கு மீசை, சாய்த்து வைத்த தொப்பி, கண்ணாடிச் சட்டத்தின் மேல் பிளாஸ்டிக் மாலை. "எங்க மாமா" என்று வருகிறவர்களிடமெல்லாம் அவன் பெண்டாட்டி சுந்தரம்மாள் மாமனாரைப் பெருமையாகக் காட்டுவாள். ஆடி அமாவாசை, தை அமாவாசை வந்துவிட்டால் அவருக்கு இலை போட்டு, பிடிக்குமே என்று மொச்சைக் குழம்பு ஊற்றுவாள். அவருக்கு மொச்சை பிடிக்கும் என்று சொன்னது யார்? சங்கரலிங்கம்தான். அவனுக்கு மொச்சை பிடிக்கும், அதனால் சொல்லிவைத்தான்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த மீசைக்காரர் யாரென்று சங்கரலிங்கத்துக்கே தெரியாது.

என்ன கூத்து இது என்பீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்ச்சாமி என்று ஒரு போலீஸ் ஏட்டு இருந்தார். பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனிதர். வேலையை விட்டபின் மம்சாபுரம் ரோட்டில் இருந்த தன் வீட்டையே பிள்ளைகள் இல்லமாக்கிவிட்டார். பஸ் ஸ்டாண்டிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் விட்டுவிட்டுப் போன பிள்ளைகளெல்லாம் அவரிடம் வந்து சேர்ந்தன. பள்ளிக்கூடத்தில் தகப்பன் பேர் கேட்பார்களே, அந்த இடத்தில் எல்லாருக்கும் தன் பேரையே கொடுத்தார். "எவன் கேட்டாலும் என் பேரைச் சொல்லுங்கலே. என்ன செய்யுதான்னு பாப்போம்" என்பார். நாற்பத்து மூன்று பிள்ளைகளுக்கு ஒரே இனிஷியல், 'பா.' பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அந்த எழுத்தைப் பார்த்ததும், "ஏட்டு வீட்டுப் பிள்ளையா?" என்பார். வகுப்பே திரும்பிப் பார்க்கும். சங்கரலிங்கத்துக்கு அப்போது பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருக்கும்.

கைக்குழந்தையாக வந்தவன் பதினெட்டு வயதில், 1978இல், அங்கிருந்து வெளியேறினான். டைப்ரைட்டிங் முடித்து, ராஜபாளையத்தில் ஒரு கல்லூரி ஆபீஸில் கிளார்க் ஆனான். எண்பத்திரண்டில் ஆபீஸ்காரர்கள் பெண் பார்த்தார்கள். பெண்ணின் தகப்பனார் சமுத்திரத்துக்கு ஆலங்குளம் சிமெண்ட் பேக்டரியில் வேலை. "அப்பா என்ன செய்தாவ மாப்ளே?" என்று அவர் கேட்டதும் சங்கரலிங்கத்தின் நாக்கு தானாகவே புரண்டது. "மிலிட்டரி. அறுபத்தஞ்சு சண்டையில போயிட்டாவ. அம்மாவும் அந்த ஏக்கத்துலயே போயிட்டாவ."

சமுத்திரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்போ சம்பந்தி படத்துக்கு முன்னாடி விளக்கேத்திட்டுத்தான் தாலி எடுக்கணும்" என்றார்.

வந்ததே வினை! படத்துக்கு எங்கே போவான்? பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அபுதாஹிர் பாய் ஸ்டுடியோ. எடுத்தவர்கள் வாங்க வராத படங்கள் அங்கே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தன. "இவரா? எட்டு வருசமாக் கெடக்காரு, தேடி ஒருத்தரும் வரலை. சட்டத்துக்கு மட்டும் காசு கொடுங்க, ஆளுக்கு வேண்டாம்" என்றார் பாய். சங்கரலிங்கம் அப்பாவைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவன் புளுகு ஒன்பது வருசம் ஓடியது. மகள் பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் தாத்தாவுக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டுத்தான் போவாள். அதற்கிடையில் எண்பத்து நான்கில் ஏட்டையா இறந்துபோனார். தகவல் வந்தது. பதினொரு கிலோமீட்டர், நினைத்த நேரத்துக்கு பஸ். சங்கரலிங்கம் போகவில்லை. போனால் யாராவது பார்த்துவிடுவார்களே! ஏட்டையாவின் அண்ணன் மக்கள் வீட்டைப் பூட்டினார்கள், பிள்ளைகள் ஆளுக்கொரு திசையாகச் சிதறினார்கள், ரிஜிஸ்தரெல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போயிற்று. அப்பாடா, இனி நம்மைக் கேட்க ஆளில்லை என்று இவன் நினைத்தான். சோறு போட்டவர் செத்ததற்கு ஒருவன் நினைக்கிற நினைப்பா அது?

1991, ஜூலைக் கடைசி. ஆபீஸ் ஜன்னலில் ஒரு பெண் வந்து நின்றாள். முழுக்கை ரவிக்கை, கையில் ஒரு விண்ணப்பப் பாரம்.

"சார், பி.எஸ்ஸி. கணக்குல சீட்டுக் கெடச்சிருக்கு. இல்லத்துல வளந்த பிள்ளைகளுக்கு மதுரையில ஒரு டிரஸ்ட்டு மூணு வருசமும் கட்டணம் கட்டுது. இல்லத்துல இருந்ததுக்கு அத்தாட்சி கேக்காங்க. இல்லத்தை மூடியாச்சு, ரிஜிஸ்தரும் இல்லை. அங்க வளந்து இப்போ வேலையில இருக்கிற ஒருத்தர் எழுதி, ஆபீஸ் சீல் வச்சுக் கொடுத்தாப் போதுமாம்."

"எந்த இல்லம்?"

"ஸ்ரீவில்லிபுத்தூர் ஏட்டையா இல்லம் சார். என் பேரு அழகுத்தாய்."

சங்கரலிங்கம் இடது காதை இழுத்துவிட்டுக்கொண்டான். "அதுக்கு நான் என்ன செய்ய?"

அவள் மேசை மேலிருந்த பெயர்ப் பலகையைப் பார்த்தாள். பா. சங்கரலிங்கம். குரலைத் தாழ்த்தி, "சாருக்கும் பா.தானா?" என்றாள்.

பக்கத்து மேசையில் சோலைராஜ் தலையைத் தூக்கினான். அவ்வளவுதான் நடந்தது. மடியில் கனம் இருப்பவனுக்கு அது போதாதா? சங்கரலிங்கம் எழுந்து நின்று கத்தினான்.

"எங்கப்பா மிலிட்டரிக்காரரும்மா! நாட்டுக்காக உசிரை விட்டவரு. தகப்பன் யாருன்னு தெரியாத கூட்டத்தோட என்னைச் சேக்கியா? யார்ட்ட என்ன கேக்கணும்னு ஒன்னை வளத்தவங்க சொல்லித் தரலையா?"

அந்தப் பெண் ஒரு நொடி அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு, "மன்னிச்சுக்கோங்க சார். ஆள் தெரியாமக் கேட்டுட்டேன்" என்றாள். பாரத்தை எடுக்கக் கை நீட்டியபோது ரவிக்கைக் கை மேலேறியது. மணிக்கட்டிலிருந்து சுருங்கிப் போன பழைய தீத்தழும்பு.

சங்கரலிங்கம் தொப்பென்று உட்கார்ந்தான். இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய பிள்ளை ஒவ்வொன்றிடமும் ஒரு சின்னப் பிள்ளையை ஒப்படைத்துவிடுவார் ஏட்டையா. குளிப்பாட்டுவது, தலை சீவுவது, ஊட்டுவது எல்லாம் பெரியதின் பொறுப்பு. இவனுக்கு வந்த சின்னது, அழகி என்று எல்லாரும் கூப்பிட்ட நாலு வயதுப் பிள்ளை. கஞ்சி வாளியைத் தூக்கிக்கொண்டு எங்கோ பராக்குப் பார்த்து நடந்து, அந்தக் கையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றியது இவன்தான். ஒரு மாசம் இவன் ஊட்டினால்தான் சாப்பிடும், வேறு யாரிடமும் வாய் திறக்காது.

"நல்லாக் கொடுத்தீங்க சார், நறுக்குன்னு!" என்று சோலைராஜ் தோளைத் தட்டினான். அந்தப் பாராட்டுக்குச் செருப்படி எவ்வளவோ மேல்.

அதற்குப் பிறகு சோறு பிடிக்கவில்லை. வீட்டுக்குள் வந்தால் படத்தின் பக்கம் திரும்ப முடியவில்லை. வெள்ளிக்கிழமை முதல்வர் ஒரு பட்டியலை டைப் அடிக்கக் கொடுத்தார். திங்கள் சாயங்காலத்துக்குள் கட்டணம் கட்டாவிட்டால் பேரை நீக்க வேண்டியவர்கள். மூன்றாவது பேர் பா. அழகுத்தாய். தன் பேருக்கு முன்னால் ஆயிரம் தடவை அடித்த அதே எழுத்தை அவன் விரல் அடித்தது. சீ, நீயெல்லாம் ஒரு மனுசனா என்று தன்னையே திட்டிக்கொண்டான். திட்டிக்கொண்டே பட்டியலை முடித்தும் கொடுத்தான், அதுதான் கேவலம்.

சனிக்கிழமை மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினான். ஆபீஸிலிருந்த அவள் சேர்க்கைப் பாரத்தில் கண்ட விலாசம் தேரடிப் பக்கம் ஒரு வளையல் கடை. இல்லம் மூடியபோது பதினொரு வயதுப் பிள்ளையைக் கைபிடித்துக் கூட்டிப்போய் வளர்த்தவள் அந்தக் கடைக்கார நூர்பானு. காலேஜ் சார் என்றதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"நீங்கதான் ஏதாச்சும் வழி சொல்லணும் சார். வயித்துக்குப் போடுதேன், காலேஜுக்குக் கட்ட நான் எங்க போவேன்? அங்க வளந்த பெரிய பிள்ளைக யாராச்சும் ஞாபகம் இருக்கான்னு கேட்டா, ஒருத்தரையும் தெரியாதுன்னே சாதிக்கா."

அழகுத்தாய் தலை நிமிராமல் வளையல் அடுக்கிக்கொண்டிருந்தாள். நூர்பானு டீ சொல்லிவரப் போன பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஜன்னல்ல நிக்கயிலேயே தெரிஞ்சிட்டுண்ணே. காதை இழுத்துவிட்டீங்கல்லா, அப்பவும் அப்படித்தான் செய்வீங்க."

'ஆள் தெரியாமல்' என்று அவள் சொன்னது யாருக்காக என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"அன்னைக்கே எல்லார் முன்னாடியும் போட்டு உடைச்சிருக்கலாமே ஏட்டி!"

"உடைச்சிருந்தா எனக்குக் காலேஜ் கெடச்சிருக்கும். உங்களுக்கு?" கோபமே இல்லாமல் கேட்டாள். "மறைச்சு வாழுதவங்க பாடு எனக்கும் தெரியும்ணே. பள்ளிக்கூடத்துல நானும் அம்புட்டுப் பொய் சொல்லியிருக்கேன்."

நாலு அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பான். டீ வரும்வரை கூட உட்கார முடியாமல் எழுந்து வந்துவிட்டான்.

திங்கட்கிழமை காலையில் தன் கையாலேயே எழுதினான். 'பா. அழகுத்தாய் மேற்படி இல்லத்தில் வளர்ந்தவர் என்பதற்கு நான் சாட்சி. நானும் அங்கேயே வளர்ந்தவன். என்னைப் பெற்றவர் யாரென்று எனக்குத் தெரியாது. எங்கள் இருவருக்கும் தகப்பன் பேர் கொடுத்தவர் பால்ச்சாமி.' சீல் சோலைராஜின் டிராயரில் இருந்தது. அவன் கடிதத்தை ஒரு தடவை படித்தான், இன்னொரு தடவை படித்தான், சீலைக் குத்திக் கொடுத்தான். அன்றைக்கு டீ குடிக்க இவனைக் கூப்பிடாமல் போனான். முதல்வர் கையெழுத்துப் போட்டு, டிரஸ்ட் பணம் வரும்வரை பொறுக்கலாம் என்றார். சாயங்காலம் நீக்க வேண்டியவர்கள் பட்டியலிலிருந்து மூன்றாவது பேரை எடுத்துவிட்டார்கள்.

ஊர் சொல்வதற்கு முன்னால் நாமே சொல்லிவிடுவோம் என்று சங்கரலிங்கம் வீட்டுக்கு ஓடினான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான்.

சுந்தரம்மாள் படத்தைக் காட்டினாள். "அப்போ இவிய யாரு?"

"தெரியாது."

"மொச்சை?"

"எனக்குப் பிடிக்கும்."

"அட பாவி மனுசா!" என்றாள். அதோடு சரி. நாலு நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டு டங்கென்று வந்து விழும், அதில் சோறு இருக்கும். மகள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஐந்தாம் நாள் ஆடி அமாவாசை. சங்கரலிங்கம் குளித்துவிட்டு வந்தால், படத்துக்கு முன்னால் வழக்கம்போல இலை, மொச்சைக் குழம்பு. பக்கத்தில் இன்னொரு இலை, வெறுமையாக.

"இவருக்கு இன்னும் எதுக்கு?" என்றான் மெல்ல.

"ஒம்பது வருசம் மாமான்னு கும்பிட்டுட்டேன். கூட்டிட்டு வந்தது நீங்க. இனிமே தெருவுலயா கொண்டுபோய் விட?" என்றவள், வெறும் இலையைக் காட்டினாள். "இது ஏட்டையாவுக்கு. யாருன்னே தெரியாத ஆளுக்கு வருசம் ரெண்டு நாளு என்னைச் சோறு போட வச்சீய. பதினெட்டு வருசம் ஒங்களுக்குச் சோறு போட்ட மனுசனுக்கு ஒரு நாளாச்சும் இலை போட்டிருக்கீயளா?"

சங்கரலிங்கம் கூனிக் குறுகி நின்றான்.

"படம் இருக்கா?"

"இல்லை."

"போகட்டும். அவியளுக்கு என்ன பிடிக்கும்? அதையாச்சும் சொல்லுங்க, வைக்கேன்."

யோசித்து யோசித்துப் பார்த்தான். தெரியவில்லை. கேட்டதே இல்லை. பந்தியில் நாற்பத்து மூன்று பிள்ளைகளும் எழுந்து போன பிறகு, ஏட்டையா பானையைச் சாய்த்து வழிப்பது மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

"எல்லாரும் சாப்பிட்ட பொறவு, மிஞ்சுனதைச் சாப்பிடுவாவ" என்றான்.

அமாவாசையன்று படைத்த பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் வாயில் பருக்கை படும். சுந்தரம்மாள் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள், வெறும் இலையைப் பார்த்தாள். பிறகு மூன்று தட்டுகளை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"அப்போ பிள்ளையைக் கூப்பிடுங்க. நாம மொதல்ல சாப்பிடுவோம்."

சங்கரலிங்கம் உட்கார்ந்தான். தட்டில் சோறு விழுந்தது, அதன் மேல் மொச்சைக் குழம்பும் விழுந்தது. எதிரே அந்த இலை காத்துக்கொண்டிருந்தது. ஒரு வாய் எடுத்து வைத்தான், இறங்கவில்லை.

"சாப்பிடுங்க" என்றாள் சுந்தரம்மாள். "நீங்க சாப்பிட்டாத்தான் அவிய சாப்பிட முடியும்."