கேர்லிங் சங்கத்துக்கு ஒரு பெட்டிசம்

பனிக்கட்டிக்குத் தண்ணீர் தெளிக்கிற வேலை செய்கிறேன் என்று மன்னாரில் இருக்கும் தம்பிக்கு முதன்முதலில் எழுதியபோது, குளிரில் உங்களுக்கு மூளை இறுகிவிட்டதோ என்று பதில் எழுதினான். அவனைக் குறை சொல்ல முடியாது. முதுகில் வெந்நீர்த் தாங்கி, கையில் பூவாளி வாய் வைத்த குழாய். நீண்ட பனித்தளத்தில் பின்பக்கமாக நடந்துகொண்டே துளிதுளியாகச் சிதற வேண்டும். விழுந்த துளிகள் உறைந்து சின்னப் பருக்களாக நிற்கும். பருக்கள் இல்லாவிட்டால் கருங்கல் பாதி வழியில் நின்றுவிடும். இருந்தால் வளைந்து மறுகரை வரை போகும். ஒருவர் அந்தக் கல்லைத் தள்ளிவிட, இரண்டு பேர் அதற்கு முன்னால் துடைப்பம் மாதிரியான தும்புத்தடியால் பனியைத் தேய்த்துக்கொண்டு ஓடுகிற விளையாட்டுக்குத்தான் இங்கே கேர்லிங் என்று பெயர்.

கிழமை நாட்களில் எனக்கு சென்ட் லோரன்டில் மருந்துக் கம்பனி ஒன்றின் வெயார்ஹவுஸில் வேலை. சனி, ஞாயிறு காலையில் பஸ் எடுத்து இந்தக் கேர்லிங் கழகத்துக்கு வருவேன். கூட்டித் துடைக்கத்தான் முதலில் எடுத்தார்கள். பனி பார்த்துவந்த மனிதர் ஓய்வு பெற்றபோது தாங்கி என் முதுகுக்கு மாறியது. கழகத் தலைவர் கில், பேருந்துச் சாரதியாக இருந்து இளைப்பாறியவர், நீயும் விளையாடிப் பார் என்று ஒருநாள் வற்புறுத்தினார். அங்கத்தவராகச் சேர்ந்தேன். இரண்டு குளிர்காலம் செவ்வாய்க்கிழமை தோறும் விழுந்து எழும்பினேன். "வீட்டில தும்புத்தடி எங்க கிடக்குது எண்டே தெரியாத மனுசன், பஸ் எடுத்துப்போய்க் கூட்டிப்போட்டு வாறார்" என்று என் மனைவி ஜெசிந்தா கோயிலில் காண்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

மூன்றாவது குளிர்காலத்தில்தான் விசயம் தொடங்கியது. ஓய்வுபெற்ற ஆசிரியை லூயிஸ் எங்கள் கழகத்தின் ஓர் அணிக்குத் தலைவி. பிராந்தியப் போட்டிக்கு ஆறு கிழமை இருக்க, அவருடைய அணியில் ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. லூயிஸ் நேரே என்னிடம் வந்து, நீ வருகிறாயா என்று கேட்டார். நான் ஓம் என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். இந்த நாட்டில் பதின்மூன்று வருடம். அதுவரை என்னை யாரும் நாலு பேரில் ஒருவனாக நில் என்று கேட்டதில்லை. எப்போதும் தளத்தைப் பார்க்கிற கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம், அல்லது எல்லோரும் போன பிறகு அந்தப் பக்கம். எனக்கு அந்த இடம் வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று பஸ்ஸில் என்னையறியாமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை டக் வந்தார். பல் வைத்தியர், கழகத்தின் மற்ற அணிக்குத் தலைவர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். "மனத்தில் எதுவும் வைத்துக்கொள்ளாதே. இந்த வருடம் பிராந்தியப் போட்டி நம்முடைய தளத்தில் நடக்கிறது. பனியைப் போடுகிறவன் நீ. எந்த இடத்தில் கல் எவ்வளவு வளையும் என்பது உனக்கு மட்டும் தெரியும். அதே பனியில் நீ விளையாடுவது சரியா?"

நியாயமான கேள்விதான். அன்றைக்கு எனக்கு அது நியாயமாகப் படவில்லை. என் இடத்தைப் பிடுங்க வந்திருக்கிறார் என்றுதான் பட்டது.

நான் ஊரில் கச்சேரியில், அதுதான் மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கராக இருந்தவன். எங்கள் மேசைக்குப் பெட்டிசம் என்று வந்த மனுக்களை அடுக்கினால் ஒரு வீடு கட்டலாம். ஒரு மதகு உடைந்தாலும் மந்திரிக்கு எழுதுவார்கள். பிரதிகள் அரசாங்க அதிபருக்கும் உதவி அரசாங்க அதிபருக்கும் போகும். கிராம சேவகருக்கு மட்டும் பிரதி போகாது, ஏனென்றால் பாதிப் பெட்டிசம் அவரைப் பற்றியதாகத்தான் இருக்கும். மேலே தட்டினால்தான் கீழே அசையும் என்பது எங்கள் கந்தோரில் எழுதப்படாத சட்டம். அந்தச் சட்டத்தை நான் கடல் தாண்டிக் கொண்டுவந்திருந்தேன். குசினி மேசையில் இருந்து, மிகுந்த தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன் என்று தொடங்கி, பனி போடுகிறவன் விளையாடத் தடை உண்டா என்று கேட்டு, ஒட்டாவாவில் இருக்கும் தேசியக் கேர்லிங் சங்கத்தின் தலைவருக்கு இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் எழுதினேன். பிரதிகள் மாகாணச் சங்கத்துக்கும் பிராந்தியச் சங்கத்துக்கும். கில்லுக்கு அனுப்பவில்லை.

ஜெசிந்தா வாசித்துப் பார்த்தாள். "கில்லைத்தானே கிழமைக்குக் கிழமை காணுறீங்கள். வாயால கேட்டா என்ன?"

"உமக்கு நிர்வாகம் விளங்காது" என்றேன்.

பதில்கள் வந்தன. அதுவே முதல் ஆச்சரியம். தேசியச் சங்கம் மிகவும் மரியாதையாக எழுதியிருந்தது: விளையாட்டின் விதிகளும் நாடளாவிய போட்டியும் எங்கள் பொறுப்பு, உங்கள் மாகாணத்தில் யார் விளையாடத் தகுதியுள்ளவர் என்பதில் நாங்கள் தலையிடுவதில்லை. மாகாணச் சங்கத்தின் கடிதம் பிரெஞ்சில் வந்தது: கழகத்தில் முறையான அங்கத்தவராக இருந்தால் எங்கள் பக்கத்தில் தடை இல்லை, போட்டித் தளத்தின் ஏற்பாடு பிராந்தியத்தைச் சேர்ந்தது. பிராந்தியத்திலிருந்து கடிதம் வரவில்லை, தொலைபேசி வந்தது. ஒரு பெண். பின்னால் கோப்பை கழுவுகிற சத்தம். சம்பளமில்லாமல் செய்கிறவர், தன் வீட்டுக் குசினியிலிருந்துதான் பிராந்தியத்தையே நடத்துகிறார் போலிருந்தது. "தேவையென்றால் வேறு கழகத்திலிருந்து பனி பார்ப்பவரை அனுப்ப எங்களால் முடியும். ஆனால் யார் உங்கள் அணி, யார் உங்கள் பனிக்காரர் என்பதை உங்கள் கழகம்தான் தீர்மானிக்க வேண்டும். நான் கில்லிடம் பேசுகிறேன்."

ஒரு விளையாட்டுக் கல்லுக்கு நாலு தட்டு அரசாங்கம். ஒருவரும் மற்றவரின் வேலியைத் தாண்டவில்லை. எனக்கு ஆத்திரத்தை விட ஆவல்தான் கூடியது. அது ஊரில் போரை நிறுத்திச் சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலம். ஞாயிறு பின்னேரப் பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கிறபோது ஆண்கள் எல்லோரும் சமஷ்டியைப் பற்றித்தான் கதைப்போம்: எந்த அதிகாரம் கொழும்புக்கு, எது எங்களுக்கு என்று. நான் அந்தக் கடிதங்களைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். ஆளாளுக்கு வாங்கி வாசித்தார்கள். "மேல இருக்கிறவன் தனக்கு அதிகாரம் இல்லையெண்டு தானே எழுதித் தாறானோ" என்று ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு கடிதத்தை மடித்து என்னிடம் திருப்பித் தந்தார். அந்தப் போரால் அவரவர் வீட்டில் யார் யார் இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை நான் தாங்கியை நிரப்பிக்கொண்டிருந்தபோது கில் வந்து நின்றார். வழக்கமாகப் போன கிழமை ஹொக்கியைப் பற்றிப் பேசுவார். அன்று பேசவில்லை. "நான் உனக்கு ஏதும் பிழை செய்தேனா?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. "ஒட்டாவா வரை என்மேல் முறைப்பாடு எழுதியிருக்கிறாய். என் கதவு அதோ இருக்கிறது. அது பூட்டியிருந்து நீ கண்டிருக்கிறாயா?"

அவர்மேல் ஒரு சொல்லும் எழுதவில்லை என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். கேட்டுத் தலையாட்டினார், ஆனால் முகம் மாறவில்லை. முடிவெடுக்கிற அதிகாரம் அவர் கையில் இருந்திருக்கிறது. நான்தான் அவரை ஒரு ஆளாகவே எண்ணவில்லை. கிராம சேவகரைத் தாண்டிப் போகிற மாதிரித் தாண்டிப் போயிருக்கிறேன். அன்று காலை போட்ட பனி சரியில்லை, திரும்பச் சுரண்டிப் போடவேண்டி வந்தது.

ஞாயிறு மத்தியானம் கழகத்தில் கூட்டம். முப்பது பேர் வரை வந்திருந்தார்கள். டக் எழுந்து எனக்குச் சொன்னதையே எல்லோருக்கும் சொன்னார், ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. லூயிஸ் ஒரு யோசனை வைத்தார்: போட்டி நாட்களுக்குப் பிராந்தியம் வேறு பனிக்காரரை அனுப்பட்டும், நான் இன்றே சாவியைக் கொடுத்துவிட்டு, எங்கள் ஆட்டம் தொடங்கும்வரை தளத்தில் கால் வைக்காமல் இருக்கட்டும். கில் கையுயர்த்தச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "நீயும் அங்கத்தவன். உனக்கும் ஒரு கை இருக்கிறது."

என் கை மேலே போகவில்லை. தனக்காகத் தானே கையுயர்த்துவது எனக்குத் தெரியாத வித்தை. இரண்டு கையையும் துடைகளுக்குக் கீழே வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்திருந்தேன். நிமிர்ந்தபோது அநேகமான கைகள் மேலே இருந்தன, டக்கின் கையும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதானாம். சாவிக்கொத்தைக் கில்லிடம் கொடுத்து, "கதவைத் தட்டாதது என் பிழை" என்றேன். அவர் சாவியைப் பையில் போட்டுவிட்டு, என் முதுகில் ஒருமுறை தட்டினார்.

போட்டிக்கு முதல்நாள், வேறொரு கழகத்தில் செய்த பயிற்சிக்குப் பிறகு லூயிஸிடம் நடுவர் யார் என்று கேட்டேன். "நாங்கள்தான்" என்றார். எங்கள் அணித்தலைவியே நடுவர் என்றால் டக் விடுவாரா, இன்னொரு கூட்டமா என்று நான் பயந்துபோனேன். அவர் சிரித்து, பிறகு பொறுமையாக விளங்கப்படுத்தினார். இந்த மட்டத்தில் நடுவர் பக்கத்தில் நிற்பதில்லை. ஓடுகிற கல்லில் உன் தும்புத்தடி பட்டால், கண்டவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நீயே கையுயர்த்திச் சொல்ல வேண்டும். அந்தக் கல் ஆட்டத்திலிருந்து வெளியே போகும். இதை நான் வீட்டில் சொன்னபோது, "அப்ப அஞ்சாவது அரசாங்கம் நீங்களோ?" என்றாள் ஜெசிந்தா.

இரண்டு நாள் விளையாடினோம். என் சொந்தத் தளத்தில் விருந்தாளி மாதிரி உள்ளே போனேன். வந்த பனிக்காரரின் துளிகள் பெரிது. அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை, ஆனால் வாயைத் திறக்கவில்லை. கடைசி ஆட்டம் டக்கின் அணியோடு. வென்றவர்கள் மாகாணப் போட்டிக்குப் போவார்கள். ஜெசிந்தா கண்ணாடிக்குப் பின்னால், கோயிலுக்குப் போகிற சேலையும் குளிர்ச் சட்டையுமாக, கில்லுக்குப் பக்கத்தில் நின்றாள். கடைசிக் கல் லூயிஸுடையது. அது வட்டத்தின் நடுவுக்குப் போனால் வெற்றி எங்களுக்கு.

கல் வந்தது. நான் அதற்கு முன்னால் குனிந்து தேய்த்துக்கொண்டு ஓடினேன். நல்ல கல். கையிலேயே தெரிந்தது, அது போய்ச் சேரும் என்று. பாதி வழியில் என் தும்புத்தடியின் நுனி கல்லின் விளிம்பில் பட்டது. சத்தம் இல்லை, ஒரு மயிரிழை. கல் திசை மாறவும் இல்லை. எனக்குப் பக்கத்தில் தேய்த்தவர் காணவில்லை. டக் வட்டத்துக்குப் பின்னால் வெகுதூரத்தில் நின்றார். கண்ணாடிக்குப் பின்னால் நின்றவர்களுக்கு என் முதுகுதான் தெரிந்திருக்கும்.

கூட்டத்தில் எழும்ப மறுத்த கை தானாகவே மேலே போயிற்று. கல்லைக் காலால் மறித்து ஓரத்துக்குத் தள்ளினேன். தளம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். பிரெஞ்சும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை.

"பட்டிட்டுது" என்றேன். "என்ர தடிதான் பட்டது."

டக்குக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. அவர் என் கையைப் பார்த்தார், தன் தொப்பியைக் கழற்றினார், கைகொடுப்பதற்காகப் பனியில் என்னை நோக்கி நடந்து வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நான் சொன்னது என்ன என்று கில்லுக்கு ஜெசிந்தா சொல்லிக்கொண்டிருந்தாள்.