அக்காவின் கடிதத்தில் நான் விட்டுப் படித்த வரிகள்

அக்கா கண்ணை மூடி, வருகிற சனிக்கிழமைப் பூசையோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு மலர் போட வேண்டும் என்று என் பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த மூத்தவன் என்று பேனாவை என் கையில் கொடுத்தார்கள். வேண்டாம் என்று நழுவிப் பார்த்தேன், நடக்கவில்லை.

அக்கா பிறந்தது காசிமேட்டில். எங்கள் அப்பா கட்டுமரக்காரர். அம்மா போய்ச் சேர்ந்தபோது அக்காவுக்குப் பதினெட்டு வயது, எனக்கு மூன்று. மறு வருஷம் ராயபுரம் வேதக்கோயிலில் அக்காவின் கல்யாணத்தை அறிவித்து ஓலை வாசிக்கும் முன்பே, "என் தம்பியும் என்கூட வருவான், சம்மதமா?" என்று மாமாவிடம் நேராகக் கேட்டவர் அவர். அந்தக் காலத்தில் எந்தப் பெண் அப்படிக் கேட்பாள்! மாமா சிரித்துக்கொண்டே, "வரட்டுமே, இன்னா இப்போ? வூட்ல ஒரு மச்சான் கீறது நல்லதுதானே" என்றாராம்.

மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். கைநாட்டு. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் அவர்தான். "நம்ம வூட்ல படிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன் வேணும்டா, ஒரு காயிதம் வந்தா அடுத்தவன் வூட்டு வாசப்படில போய் நிக்கக் கூடாது" என்பார். நான் படித்தேன். அதே துறைமுகத்தில் குமாஸ்தாவாகவும் ஆனேன்.

தினமும் பகல் சங்கு ஊதியதும் அக்கா தூக்கில் சோறு எடுத்துக்கொண்டு துறைமுக வாசலுக்கு வருவார். மாமா சாப்பிட்டு முடிக்கும்வரை மதிலோரம் பக்கத்திலேயே உட்கார்ந்து வம்பளப்பார். கிரேன்காரனுக்கும் பெண்டாட்டிக்கும் இன்னும் தேன்நிலவு முடியவில்லை என்று சக ஆட்கள் கேலி பேசுவார்கள். இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்காமல் போனபிறகு, அக்காவின் முப்பத்து நான்காவது வயதில் பாப்பா பிறந்தாள். அதற்கப்புறம் மூன்று பேராக உட்கார்ந்தார்கள்.

பாப்பாவுக்கு ஒன்பது வயதானபோது, ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானது. அக்காவையும் பாப்பாவையும் அரக்கோணம் தாண்டி ஒரு கிராமத்தில் இருந்த தம் சித்தி வீட்டுக்கு மாமா அனுப்பிவைத்தார். துறைமுக ஆட்கள் மட்டும் இடத்தை விட்டு அசையக் கூடாது. எங்கள் தெருவில் எங்கள் வீட்டையும் சேர்த்து மூன்று வீடுகளில்தான் அடுப்பு எரிந்தது.

நான் எழுதத் தயங்கியது இனிமேல் வருவதைத்தான்.

ஒருநாள் மத்தியானம் அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. அந்த ஊர் உபதேசியார் எழுதிக் கொடுத்திருந்தார். முதலில் எல்லாருக்கும் தோத்திரம். பிறகு இந்த வரிகள்: "பிள்ளைக்கு ஐந்து நாளாகச் சுரம் இறங்கவில்லை. உங்களையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். எந்த வேலையானாலும் விட்டுவிட்டு உடனே வரவும்."

மாமா எதிரில் குந்தியிருந்தார். நான் தோத்திரத்தைப் படித்தேன். கீழே இருந்ததைப் படிக்கவில்லை. "எல்லாரும் சௌக்கியமாம் மாமா" என்று கடிதத்தை மடித்தேன்.

சொல்லாமல் போனால் மாமாவின் வேலை போய்விடும், பிள்ளைகளுக்குச் சுரம் வருவது சகஜம்தானே என்று அப்போது எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். இத்தனை வருஷம் அதையே சொல்லிக்கொண்டும் இருந்தேன். உண்மை அதுவல்ல. மாமா போய்விட்டால் அந்தக் காலித் தெருவில், அபாயச் சங்கு ஊதினால் ஓடி ஒளியக்கூட ஒரு துணையில்லாமல், நான் தனியாக இருக்க வேண்டும். எனக்குப் பயம். இருபத்தெட்டு வயது ஆண்பிள்ளைக்கு அவ்வளவு பயம்.

அதோடு நிற்கவில்லை. "பதில் எழுது மச்சான்" என்றார் மாமா. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: "நான் இங்கே சுகம். நீங்கள் அங்கேயே இருங்கள். இப்போதைக்கு நான் வரத் தோதுப்படாது." என் அழகான கையெழுத்தில் எழுதி, நானே தபாலில் போட்டேன். பாப்பா தலைமாட்டில் உட்கார்ந்து அக்கா அதைத்தான் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

நாலாம் நாள் தந்தி வந்தது. மாமா அந்த ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. திடீரென்று நோய் கண்டு பிள்ளை போய்விட்டது என்றே மாமா நினைத்தார். ஏன் வரவில்லை என்று அக்கா கேட்கவில்லை, ஏன் சொல்லி அனுப்பவில்லை என்று மாமாவும் கேட்கவில்லை. இரண்டில் ஒன்றைக் கேட்டிருந்தால் அன்றைக்கே என் குட்டு உடைந்திருக்கும். கேட்டுவிடப் போகிறார்களே என்று பல வருஷம் பயந்தேன். பிறகு, கேட்டுத் தொலைக்க மாட்டார்களா என்று ஏங்கினேன்.

அக்கா மாமாவுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. பகல் சோறு தவறாமல் துறைமுக வாசலுக்கு வந்தது. ஆனால் தூக்கை வைத்துவிட்டு உடனே திரும்பிவிடுவார், உட்காருவதில்லை. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் பாப்பாவின் கல்லறைக்குத் தனியாகத்தான் போவார். மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு மாமா சென்ட்ரல் வரை டிராமில் கூட வருவார், டிராம் நின்றபிறகு பஸ்ஸில். ரயில் ஏறும்போது அக்கா மெழுகுவத்தியை மட்டும் வாங்கிக்கொண்டு, "நீ வாணாம், வூட்டுக்குப் போ" என்பார். ஒரு வருஷம் மாமா வீடு திரும்பி என்னிடம் கேட்டார்: "நா இன்னா மச்சான் தப்பு பண்ணேன்? எம் பொண்ண பாக்க என்ன ஏன் வாணான்றா?" அக்கா சுபாவமே அப்படித்தான் என்று சொல்லிவிட்டேன்.

போன வருஷம் மார்புச்சளி கண்டு அக்கா படுத்தபடுக்கையானார். ஒரு காலை, சாமியார் வந்து சாகிறவர்களுக்கான அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போனபிறகு, என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"தம்பி, அன்னிக்கி அந்தக் காயிதத்த நீ அவருக்கு முழுசா படிச்சுக் காட்டுனதானே?"

மாமா கூடத்தில் வெந்நீர் ஆற்றிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை, "இல்லைக்கா." அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது.

"ஆமாக்கா" என்றேன்.

"அப்ப தெரிஞ்சுதான் வர்ல" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மாமா வெந்நீரோடு வந்தபோதும் அக்கா இந்தப்பக்கம் திரும்பவில்லை. மறுநாள் போய்விட்டார். நாற்பது வருஷத்துக்கு ஒன்று குறைவாகச் சேர்ந்து வாழ்ந்த வாழ்க்கையில் அக்கா தம் புருஷனைப் பற்றிக் கடைசியாகப் பேசிய பேச்சு அது. அந்த ஒன்பது வயதுப் பிள்ளையிடம் போய் இதைத்தான் சொல்லியிருப்பாரோ என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. எனக்காகச் செபிக்க வேண்டாம், அக்காவுக்காகச் செபியுங்கள்.

அக்காவைப் புரட்டிப் படுக்கவைத்து, பெற்ற தாயைப்போலத் துடைத்துவிட்ட பக்கத்து வீட்டு மீன்காரப் பெரியம்மாவுக்கும், தோள் மாற்றிப் பெட்டி தூக்கிய துறைமுகத்து அண்ணன்மார்களுக்கும், பாப்பாவின் கல்லறையில் இந்த வருஷம் எங்களுக்குப் பதிலாக மெழுகுவத்தி ஏற்றிய உபதேசியாருக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள்.

இன்னும் ஒருவருக்கு ஒரு வேண்டுகோள். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. பூசை முடிந்து இந்த மலர் கைக்கு வந்ததும், மாமா அட்டையில் இருக்கும் அக்கா படத்தைத் தடவிப் பார்ப்பார். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டி, "மச்சான் இன்னா எழுதிக்கீறான், படி" என்பார். என் வாயால் சொல்ல எனக்கு இப்போதும் தைரியம் வரவில்லை. படிக்கப்போகிற நீங்கள் யாராக இருந்தாலும் சரி, அவர் முகத்தைப் பார்த்து மனம் இளகி, ஒரு வரியைக்கூட விட்டுவிடாதீர்கள்.