படை வைக்காத பட்டணம்

ஆவடியில் டேங்க் செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் சிநேகிதன், கணினி விளையாட்டில் ஒரு சிப்பாயைக்கூட உருவாக்க மாட்டான். உலகத்தை ஆளச் சொல்லி ஒரு வரைபடத்தைக் கையில் கொடுத்தால், முதலில் களஞ்சியம் கட்டுவான், பிறகு நூலகம், பிறகு குளியல் மண்டபம். காவலுக்கு நாலு பேரை வையேன் என்றால் கோபம் வரும்.

"வாரம் பூரா டேங்கு மூஞ்சியத்தான் பாத்துக்கினு கீறேன். ஞாயித்துக்கெழமயும் அதே மூஞ்சியா, மாமே?"

எனக்கு வேறு வியாதி. ஓர் இடத்தில் கால் தரிக்காது. நான் வேடமேற்று ஆடும் விளையாட்டுகளின் ஆள். நாயகனுக்கு மூக்குத் தேர்ந்தெடுத்து, புருவம் இழுத்து, தாடி வைத்து, தாடி எடுத்து, அதற்குள் மதியம் போய்விடும். உலகம் அழியப்போகிறது, ஓடு என்று அரசர் கெஞ்சுவார். நானோ எவனோ தொலைத்த கோழியைத் தேடிக் காட்டுக்குள் போயிருப்பேன். அழிவு எனக்காகக் காத்திருக்கும். அந்தப் பொறுமைக்காகவே இவற்றை நேசிக்கிறேன். வெளியே எந்த அழிவுக்கும் இவ்வளவு மரியாதை தெரியாது. பையில் மருந்துக் குப்பிகள் நிறையும். இதைவிடப் பெரிய ஆபத்து வரும், அப்போது குடிக்கலாம் என்று பத்திரப்படுத்தி, குப்பி குலுங்கக் குலுங்கச் செத்துப்போவேன்.

"அது ஒரு கேமா?" என்பான் சிநேகிதன். "இவன் பொட்டலத்த அவன்கிட்ட குடு, அவன் பொட்டலத்த இவன்கிட்ட குடு. கூரியர் வேலைக்கு எதுக்குடா கத்தி?"

"உன்னுது மட்டும் இன்னாவாம்? முனிசிபாலிட்டி வேல. தண்ணி வந்துச்சா, ஜனம் துன்னுச்சா, சாக்கட ஓடுதா."

"ஓடுதுல்ல? ஆவடில ஓடலையே."

அவனுக்குப் பிடித்த, ராஜ்ஜியம் கட்டி ஆளும் வியூக விளையாட்டுகளைப் பற்றி என் தீர்ப்பு இதுதான்: தொடக்கம் கவிதை, முடிவு குமாஸ்தா உத்தியோகம். வரைபடம் முழுக்க இருட்டாய்க் கிடக்கும் அந்த முதல் பொழுதுக்கு ஈடில்லை. ஓர் அடி வைத்தால் ஒரு மலை கண் திறக்கும், இன்னோர் அடிக்கு ஆறு, அப்பால் மான்கூட்டம். எல்லாம் வெளிச்சமான பிறகு மிஞ்சுவது எல்லைத் தகராறு. ஆகவே சேர்ந்து ஆடும்போது நான் குதிரைகளை ஏவி இருட்டைத் தின்றுகொண்டே போவேன். அவன் இருந்த இடத்தில் ஊர் வளர்ப்பான்.

ஆடுவது மேனாம்பேட்டில் என் வீட்டில், ஒரே கணினியில், ஞாயிறு சாப்பாட்டுக்குப் பின். கூட்டாளிகள்தான், ஆனாலும் ஒருவன் முறையை மற்றவன் பார்க்கக் கூடாது. பால்கனிக்குப் போய்விட வேண்டும். காயும் துணிகளுக்கு நடுவே நாங்கள் மாறி மாறி நிற்பதைக் கண்டு என் மனைவி, "நிக்கறதுதான் நிக்கறீங்க, காஞ்சதயாவது மடிச்சி எட்த்தாங்க" என்பாள். ராஜ்ஜியங்கள் வளர வளர லுங்கிகளும் மடிந்தன.

ஒரு மழைக்கால ஞாயிறு, பால்கனியில் நின்ற நான் உள்ளேயிருந்து முனகல் கேட்டு ஓடிவந்தேன். கணினி ஆட்டிவைக்கும் வடதிசை ராஜா போர் அறிவித்திருந்தான். ஆற்று முகத்தில் இருந்த சிநேகிதனின் பட்டணத்துக்கு எதிர்க்கரையில் யானைகள். ஊருக்குள் எதிர்க்க ஒரு குச்சி கிடையாது. இந்தச் சுற்று முடிந்தால் ஊர் போய்விடும்.

"மச்சான், உன் குதிரைங்க எங்க?"

என் குதிரைகள் உலகத்தின் மறு ஓரத்தில் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தன. சொன்னேன்.

"பனியா? அங்க இன்னா கீது?"

"ஒண்ணுமில்ல. அழகா கீது."

போன வாரம் சேமித்துவைத்த ஆட்டத்தை ஏற்றி அங்கிருந்து மறுபடி ஆடலாம் என்றேன். தலையாட்டி மறுத்தான். அவன் முகம் தொங்கியதைக் கண்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. மாதக்கணக்கில் ஞாயிறுகளைக் கொட்டி வளர்த்த ஊர். நூலகம் ஆற்றைப் பார்க்க வேண்டுமா, மலையைப் பார்க்க வேண்டுமா என்று ஒரு பிற்பகல் முழுக்க யோசித்தவன் அவன்.

டீ கொண்டுவந்த மனைவி திரையை எட்டிப் பார்த்து, என்னைக் காட்டிச் சிநேகிதனிடம் கேட்டாள். "அந்த ராஜாவுக்கு இவரு மேல சண்ட ஒண்ணும் இல்லல்ல?"

"இல்ல."

"அப்ப ஊர இவரு பேர்ல எழுதி வெச்சிடுங்கண்ணா. எங்க பெரியப்பா கேஸ்ல மாட்டிக்கினப்போ மனைய எங்கப்பா பேர்லதான் மாத்தி வெச்சாரு."

சிநேகிதன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கூட்டாளிக்கு ஊரைத் தானமாகத் தரும் பொத்தானை அழுத்தினான். நான் ஏற்றுக்கொண்டேன். எனக்கும் வடதிசையானுக்கும் சமாதானம் அல்லவா, என் மண்ணில் அவன் கால் வைக்க முடியாது. யானைகள் அசட்டு முகத்தோடு திரும்பிப் போயின.

அன்று தொடங்கியது என் உபத்திரவம். என் முறை வந்தால் அவன் பால்கனிக்குப் போவதில்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்று, பெண்ணைக் கட்டிக்கொடுத்தவன் மாதிரி மூச்சு விட்டான். "அந்தத் தோப்ப வெட்டாத. குளியல் மண்டபத்துக்குத் தண்ணி வுட்டியா?" நான் மதில்மேல் வில்லாளிகளை நிறுத்தினேன். மீனவருக்குத் துறை கட்டினேன். குதிரைகள் பனியிலேயே நின்றன. அவற்றை நகர்த்த மறந்துபோனேன் என்பது எனக்கே பிறகுதான் உறைத்தது.

சில ஞாயிறுகள் கழித்து ராஜா சலித்துப்போய் அவனோடும் சமாதானம் பேசினான்.

"ஊரக் குடு" என்றான் சிநேகிதன்.

"இன்னா அவசரம்? துறை வேல பாதில நிக்குது."

"நைனா, குடுத்துடு."

கொடுத்தேன். வாங்கிய கையோடு அவன் செய்த முதல் காரியம், என் வில்லாளிகளைக் கலைத்தது. அவர்கள் நின்ற இடத்தில் ஒரு நாடக மேடைக்கு அடித்தளம் போட்டான்.

"அவன் திரும்ப வந்தா இன்னா செய்வ?"

"திரும்பவும் உன் பேர்ல எழுதிடுவேன்" என்றான், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "உனுக்கும் ஒரு ஊடு வாசல் இருந்தா மாதிரி கீதுல்ல?"