மேல்வீட்டுக் கோலாட்டமும் என் ஒட்டடைக்கம்பும்

முதல் நாள் நான் ஓடினேன். அதை மறைத்துப் பயனில்லை. என் மனைவி ஏற்கெனவே சொந்தபந்தம், அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். பகல் பதினோரு மணி. தலைக்கு மேலே யாரோ அரிசி மூட்டைகளை வரிசையாகப் போட்டுத் தள்ளுவதுபோல் சத்தம். மின்விசிறி ஆடியது, ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. பூகம்பம் என்று முடிவு செய்ய எனக்கு அரை விநாடிகூட ஆகவில்லை. லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, காதில் ஹெட்செட்டோடு, இரண்டு மாடி இறங்கிக் கார் நிறுத்துமிடத்துக்கு வந்துவிட்டேன்.

"என்ன சார், கரண்ட் போச்சா?" என்றார் வாட்ச்மேன்.

அப்போதுதான் மனைவி சமையலறையில் இருப்பது நினைவுக்கு வந்தது. அவளே பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, லேப்டாப்புக்கு ஒண்ணும் ஆகலையே?"

பூகம்பம் இல்லை, கோலாட்டம். எங்கள் ஃபிளாட் ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரைப் பக்கம் இருக்கிறது. மேல்வீட்டு மாமி வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கோயில் உற்சவத்தில் ஆடுவதற்காகப் பத்துப் பன்னிரண்டு பெண்களைச் சேர்த்துத் தன் ஹாலில் பயிற்சி தொடங்கியிருந்தார். சோபாவை எல்லாம் படுக்கையறைக்குள் தள்ளிவிட்டார்கள். மாமியின் ஹாலுக்கு நேர் கீழே என் வேலை அறை.

என் வேலை இன்னதென்று சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்துக்காகப் போனில் பேசுகிறேன். ஆஸ்பத்திரிச் செலவைக் கேட்டு விண்ணப்பித்தவர்கள் கூப்பிடுவார்கள். ஏன் தாமதம், எந்தத் தாள் குறைகிறது என்று நான் பதமாக விளக்க வேண்டும். பல வருஷம் சென்னையில் மேன்ஷன் அறையில் கிடந்து, ஞாயிறு ராத்திரி ரயிலுக்குப் பயந்து பயந்து வாழ்ந்தவன். கெஞ்சிக் கூத்தாடி, வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கியிருந்தேன். ஒரே நிபந்தனை: பின்னால் சத்தம் கேட்கக்கூடாது. எல்லா அழைப்பும் பதிவாகும். சத்தம் கேட்டால் மறுபடி சென்னை, மறுபடி மேன்ஷன்.

மரியாதையாகத்தான் முதலில் மேலே போனேன். மாமி கதவைப் பாதி திறந்தார்.

"மாமி, பகல்ல எனக்குப் போன்ல வேலை. கொஞ்சம் சத்தம்..."

"பெருமாள் கைங்கர்யம் சார். சத்தம்னு சொல்லப்படாது."

"பெருமாளுக்குச் சாயங்காலம் பண்ணக் கூடாதுங்களா?"

"சாயங்காலம் எல்லாருக்கும் ஆத்துல வேலை இருக்கு. உங்களுக்குத்தான் பகல்லயும் ஆத்துலயே வேலை." கதவு மூடிக்கொண்டது. உள்ளே பன்னிரண்டு பேர் சிரித்தார்கள்.

குடியிருப்போர் சங்கச் செயலரிடம் புகார் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தி, "சார், என் வீட்டுக்காரியும் அதுல ஆடறா. நான் இந்த வீட்டுலதான் சாப்பிடணும்" என்றார். சங்கம் அத்தோடு கலைந்தது.

அதன்பிறகுதான் ஒட்டடைக்கம்பை எடுத்தேன். நாற்காலி மேல் ஏறி நின்று, கம்பைத் திருப்பிப் பிடித்து, கூரையில் இடித்தேன். நான் வாயால் சொல்லத் துணியாத எல்லா வார்த்தைகளும் அந்த இடியில் இருந்தன. மேலே ஒரு கணம் அமைதி. எனக்குப் புல்லரித்தது. அடுத்த கணம் ஆட்டம் இரண்டு மடங்கு வேகத்தில் தொடங்கியது.

திமிர் என்று நினைத்தேன். இன்னும் வேகமாக இடித்தேன். அவர்கள் இன்னும் வேகமாகக் குதித்தார்கள். சுண்ணாம்பு உதிர்ந்து என் தலையிலும் தோளிலும் விழுந்தது. தினமும் இதே போர். ஒவ்வொரு நாளும் நான் இடித்ததும் மேலே வேகம் பிடிக்கும். கைவலியால் ராத்திரி தைலம் தேய்த்துக்கொண்டு, மறுநாள் எப்படி இடிப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பேன். மனைவி, "இந்த வயசுல மத்தவங்க வாக்கிங் போறாங்க" என்றாள்.

இதற்கிடையில் சென்னையிலிருந்து என் மேற்பார்வையாளர் கூப்பிட்டாள். என் வயதில் பாதி. "சார், உங்க போன்ல என்ன, கட்டடம் இடிக்கிறாங்களா? இன்னொரு தடவை கேட்டுச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது சார். சீட்டு இங்க ரெடியா இருக்கு." ஓர் இளம்பெண் இவ்வளவு மரியாதையாகக் கழுத்தை அறுக்க முடியும் என்பது எனக்குத் தெரியாது. போனை வைத்த கையோடு இரத்த அழுத்த மாத்திரையைத் தேடினேன். பதற்றத்தில் மனைவியின் கால்சியம் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் லிஃப்டில் மாமி. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரே ஆரம்பித்தார்.

"நேத்து ரெண்டாம் காலத்துல நீங்க ஓடிட்டேள் சார். பொண்ணுகள் தடுமாறிப் போயிட்டா."

"எதுலங்க?"

"தாளத்துலதான். எங்களுக்கு ஜால்ரா போட்டவா பொண்ணு பிரசவத்துக்கு அமெரிக்கா போயிட்டா. கோலைக் கையில வெச்சுண்டு நான் எப்படி எல்லாரையும் அடுத்த காலத்துக்குக் கூட்டிண்டு போறது? நல்லவேளை, கீழேர்ந்து நீங்க போடறது காலுக்கு நன்னாத் தெரியறது. ஆனா சார், நிதானம் வேணும். அவசரப்படறேள்."

லிஃப்ட் கதவு திறந்தது. நான் இறங்கவில்லை. இத்தனை நாளும் நான் அவர்களை அடக்கவில்லை, நடத்தியிருக்கிறேன். கோலாட்டத்தில் தாளம் போடுகிறவர் வேகத்தைக் கூட்டினால் ஆடுகிறவர்கள் அடுத்த காலத்துக்குப் போவார்கள். நான் எட்டு எட்டாக இடித்திருக்கிறேன் போலிருக்கிறது. இந்த ஊரில் பிறந்தவனுக்குக் கோபம்கூடத் தாளம் தப்பாமல்தான் வருகிறது, சனியன்.

உடனே எனக்குள் இருந்த அயோக்கியன் விழித்துக்கொண்டான். வேகமாக இடித்தால் வேகமாக ஆடுகிறார்கள் என்றால், மெதுவாக இடித்தால்?

அன்று பதினோரு மணிக்கு ஓர் இடி. நீண்ட இடைவெளி. இன்னோர் இடி. மேலே எருமை நடப்பதுபோல ஆட்டம் தளர்ந்தது. இன்னும் மெதுவாக்கினேன். ஒரு காலைத் தூக்கியபடி பன்னிரண்டு பெண்கள் அடுத்த அடிக்காகக் காத்திருப்பதை மனக்கண்ணில் பார்த்து ரசித்தேன். போன் அடித்தது. முசிறிக்காரர் ஒருவர், மனைவியின் அறுவைச் சிகிச்சைச் செலவு வரவில்லை என்று. ஒரு கையில் கம்பு, காதில் முசிறி. நிசப்தம். வாழ்க்கையில் நான் அவ்வளவு அழகாக யாருக்கும் பதில் சொன்னதில்லை.

வாசல் மணி அடித்தது. நிறுத்தாமல் அடித்தது. திறந்தால், இரண்டு கையிலும் கோலோடு மாமி. பின்னால் மாடிப்படி முழுக்கக் கோஷ்டி.

"இதென்ன தாளம் சார்? நாங்க ஆடறதா, தூங்கறதா?"

ஹெட்செட்டை மறந்துவிட்டேன். "தாளமில்லைங்க மாமி! திட்டு! இத்தனை நாளும் உங்களைத் திட்டிக்கிட்டிருந்தேன்!"

மாமி என் கையிலிருந்த கம்பைப் பார்த்தார். "ஒட்டடைக்கம்பாலயா? ஏன், வாய் இல்லையோ?"

"வாயால சொல்ல வந்தேன், கதவைச் சாத்தினீங்க!"

"ஒருதரம் வந்தேள். பெண்டாட்டியை விட்டுட்டு ஓடின மனுஷன் ரெண்டாந்தரம் எங்கே வரப்போறேள்!"

படிக்கட்டில் சிரிப்பு. செயலரின் மனைவியின் சிரிப்பு தனியாகக் கேட்டது. என் காதுக்குள் முசிறிக்காரர் பேசினார்: "சார், நான் லைன்லதாங்க இருக்கேன். அந்தம்மா கேக்கறதும் நியாயந்தானுங்களே. சரி, என் பில்லு என்னாச்சுங்க?"

எல்லாம் பதிவாகியிருந்தது. மறுநாள் மேற்பார்வையாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் பேசினாள். "சார், வாடிக்கையாளர்கிட்ட எப்படிப் பேசக் கூடாதுன்னு டிரெயினிங்ல இதைப் போட்டுக் காட்டலாமான்னு கேக்கறாங்க. திங்கட்கிழமைக்குள்ள சத்தமில்லாத இடம் பாருங்க. இல்லேன்னா கிளம்பி வந்துருங்க."

சென்னையில் இல்லை, காவிரிக்கு அக்கரையிலுள்ள கே.கே. நகரில் மச்சினன் வீட்டு மாடி அறை காலியாக இருந்தது. மயான அமைதி. இப்போது வேலைநாள் தவறாமல் சாப்பாட்டு டப்பாவும் லேப்டாப்புமாக இரண்டு பஸ் மாறி அங்கே போகிறேன். மேன்ஷன் தப்பியது, வீட்டிலிருந்து வேலை என்பது மச்சினன் வீட்டிலிருந்து வேலை ஆகிவிட்டது. கடன் வாங்கி வாங்கிய என் ஃபிளாட்டில் பகலெல்லாம் மாமியின் ஆட்சி.

போன வாரம் லிஃப்டில் மறுபடி சிக்கிக்கொண்டேன். என் பையைப் பார்த்துவிட்டு, "தினம் வெளியே கிளம்பிடறேளாமே. நன்னாப் போச்சு. இன்னும் ஆறு பேர் சேர்றேங்கறா" என்றார்.

"சேத்துக்குங்க மாமி. என் கூரை தாங்கற வரைக்கும்."

"உங்க கூரையா? அது எங்காத்துத் தரை."

பஸ் காவிரிப் பாலம் தாண்டும்போதுதான் எனக்கு மூன்று அருமையான பதில்கள் வந்தன. மூன்றையும் மச்சினனிடம் சொன்னேன். அவன், "அத்தான், மாடியில கொஞ்சம் மெதுவா நடங்க. கீழ பாப்பா தூங்குது" என்றான்.