இரண்டு கை போட்ட கூடை

பக்கத்து வீட்டுப் பெண் பெங்களூருக்கு மாற்றலாகிப் போகிறாள் என்று தெரிந்தபோது, அவளுக்காக நான் போட்டுக்கொண்டிருந்த வயர்கூடையில் அடிப்பாகம்கூட முடிந்திருக்கவில்லை. கேட்கும்போது, "அவசரமே இல்லைங்கம்மா, மெதுவா போடுங்க" என்றுதான் கேட்டாள். நானும் அந்தச் சொல்லை நம்பி உட்கார்ந்துவிட்டேன்.

கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். கம்ப்யூட்டர் வேலை. எனக்கு யாரிடமும் வலியப் போய்ப் பேச வராது. லிஃப்டில் ஆள் இருந்தால் படியில் ஏறிவிடுவேன். அவள்தான் சாயங்காலமானால் கதவைத் தட்டி, பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடக்கக் கூட்டிப்போவாள். அவள் பேசுவாள், நான் கேட்டுக்கொண்டு வருவேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்த ஏரியைக் கூடையில் கொண்டுவர ஆசைப்பட்டேன். பொழுது சாயும்போது சாம்பல் நிறத் தண்ணீரில் கொஞ்சம் ஆரஞ்சு கலந்து, கரைப் பக்கம் வரவர இல்லாமல் போகுமே, அது. பட்டை பட்டையாக நிறம் மாற்றுவது சுலபம். எனக்கு அப்படி வேண்டாம். ஆரஞ்சு எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியக் கூடாது. போடுவேன், தள்ளி வைத்துப் பார்ப்பேன், பிரிப்பேன். பிரித்த வயர் சுருண்டுகொள்ளும். அதை நீவி நீவி நேராக்கியே விரல் எரியும்.

திருமுல்லைவாயிலிலிருந்து என் ஓரகத்தி வந்தாள். கொலுவுக்கும் வளைகாப்புக்கும் மொத்தமாக ஆர்டர் எடுத்துக் கூடை போடுகிறவள். டிவியில் சீரியல் ஓடும், அவள் கை அது பாட்டுக்குப் போகும், கூடையைக் குனிந்தே பார்க்க மாட்டாள்.

"இன்னாக்கா இது, போன தபா பாத்த எடத்துலயே கீது?"

"நெறம் சரியா வரல."

"அதுல கத்திரிக்காயும் மொளகாயும்தானே போடப் போவுது அந்தப் பொண்ணு. கத்திரிக்காய்க்கு கண்ணு கீதா? நான் ஒரே நாள்ல ஒண்ணு போட்டுத் தரேன், அதக் குடுத்துடு."

வேண்டாம் என்றேன். அவள் கூடை மட்டம் என்பதால் இல்லை. யோசிக்காமல் போடுகிற கைக்கு ஒரு ஓட்டம் இருக்கிறது, எனக்கு அது வந்ததே இல்லை. ஆனால் அதில் நாங்கள் நடந்த ஏரி இருக்காது.

வீடு காலி செய்வதற்கு முந்தின நாள் பகலில் கூடை பாதி எழும்பியிருந்தது. நிறம் ஒருவழியாகப் பிடிபட்டுவிட்டது. கட்டைவிரல்தான் மடங்க மறுத்தது. மறுபடி வந்த ஓரகத்தி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள்.

"குடுக்கா இப்டி."

"ஒரே கூடையில ரெண்டு கை படக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

கூடை போடுகிற யாருக்கும் அது தெரியும். ஆளுக்கு ஆள் முடிச்சின் இறுக்கம் வேறு. பாதியில் கை மாறினால் கூடை கோணிக்கொள்ளும்.

"கோணினா கோணட்டும். பாதிக் கூடைய வாங்கினு போயி இன்னா பண்ணும் அது, தலையில கவுத்துக்குமா?"

கொடுத்துவிட்டேன். எந்த வரிசைக்கு எந்த நிறம் என்று படுத்தபடியே சொன்னேன். "மறுபடியும் சாம்பலா?" என்று முனகினாள், ஆனால் சொன்னபடியே போட்டாள். இருட்டுவதற்குள் கைப்பிடியும் ஏறிவிட்டது.

தரையில் வைத்துப் பார்த்தோம். என் பாதி விறைப்பாக நின்றது. அவள் பாதி தளர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"உன் பாதி கல்லு மாரி கீதுக்கா, அதான்" என்றாள்.



காலையில் சாமான் லாரி போன பிறகு, அந்தப் பெண் வாடகைக் காரில் ஏறி உட்கார்ந்தாள். கூடையைக் கொடுத்தேன். "கொஞ்சம் கோணல்" என்று மட்டும் சொன்னேன்.

"நீங்களே போட்டதுங்களாம்மா?"

"பாதி."

தண்ணீர் பாட்டிலையும் சார்ஜரையும் அதில் போட்டுக் காலடியில் வைத்தாள். சாய்ந்து விழுந்தது. நிமிர்த்தி வைத்தாள், மறுபடி விழுந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கார் நகர்ந்தது.

நேராக நிற்கிற கூடையாக இருந்தால் காலடியிலேயே போயிருக்கும். ஓரகத்தியிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.