மீனின் வயது

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூரில் ஒரு சின்ன கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தேன். சைக்கிளில் மீன் விற்கும் ஒருவர் ஒரு மத்தியானம் வந்தார். மீன்வாடை போய்விட்டதா என்று, எதையும் தொடுவதற்கு முன் விரல்களை முகர்ந்து பார்க்கும் பழக்கம் போலும் அவருக்கு. முகர்ந்துவிட்டுத்தான் கையிலிருந்த தீப்பெட்டியைத் திறந்தார். உள்ளே பஞ்சில் இரண்டு வெள்ளைக் கற்கள்.

“கத்தாழ மீனு காதுக்குள்ள இருந்த கல்லும்மா. மரத்துல இருக்கிற மாதிரி உள்ள வளையம் கீதாம். எண்ணுனா மீனு வயசு தெரியுமாம். காலேஜ் வாத்தியார் ஒருத்தர் சொன்னாரு.”

“உடைச்சுப் பாக்க வேண்டியதுதானே?”

“அத்தினி நாளு கடல் சத்தத்த கேட்டுகினு இருந்த கல்லு. எப்டிம்மா ஒடைக்கிறது? நீயே படம் புடிச்சு எண்ணிச் சொல்லும்மா.”

ஃபிலிமை வீணாக்கினேன் என்று டாக்டருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். ஆனாலும் பழக்கதோஷத்தில் நோட்டை விரித்து, “வயசு?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. “அது தெரியாமத்தாம்மா வந்துகீறேன்.”

எடுத்தேன். ஈரம் சொட்டும் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தோம். வளையம் ஒன்றுகூடத் தெரியவில்லை. ஆழ்கடல் போன்ற கறுப்பில் இரண்டு வெண்புள்ளிகள் மட்டும் மிதந்தன. அறையே தண்ணீருக்குள் இறங்கிவிட்டது போலிருந்தது.

“சொல்லமாட்டேங்குது. போவட்டும்மா” என்று கற்களைப் பஞ்சில் படுக்கவைத்து மூடினார்.

கல்லை உடைக்காமலே உள்ளிருக்கும் வளையங்களைப் படமெடுக்கும் இயந்திரம் இப்போது வந்துவிட்டதாம். அவரைத் தேடிச் சொல்ல ஆசை. ஆனால் மீனுக்கு வயது கேட்ட நான், அன்று அவர் பெயரைக் கேட்கவில்லை.