வள்ளியின் குடலில் குடிவந்தவர்கள்

போன மாதம் ஆஸ்பத்திரி வார்டில், ஒரு குழந்தையின் அழுக்குத் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்துக்கொண்டு நானும் ஒரு டாக்டரம்மாவும் சந்தோஷப்பட்டோம்.

முகம் சுளிக்காதீர்கள். காபியோடு படிப்பவர்கள் டம்ளரைக் காலி செய்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

சேரப்பணஞ்சேரியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் செல்வி. கணவன் தேவராஜுக்கு ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. எட்டாம் மாதம் தொடங்கியதுமே செல்விக்கு வலி கண்டு, பெண் குழந்தை பிறந்துவிட்டது. என் இரண்டு உள்ளங்கைகளில் அடங்கிவிடும். செல்விக்கு அம்மா இல்லாததால் துணைக்கு நான் போனேன்.

தாய்க்கும் சேய்க்கும் காய்ச்சல். இருவருக்கும் ஊசி மருந்து. செல்விக்குப் பால் நின்றுவிட்டது. குழந்தைக்கு மூக்கு வழியாக மெல்லிய டியூப். அதில் டப்பா பால். காய்ச்சல் விட்டது. ஆனால் வயிறு உப்பிக்கொண்டது. எடை மட்டும் ஏறவே இல்லை.

தேவராஜ் டவுனுக்குப் போய், இருப்பதிலேயே உசத்தியான பால் பவுடர் டப்பாவை வாங்கி வந்தான். டாக்டரம்மா அதை ஓரமாக வைக்கச் சொன்னதும் அவனுக்குத் தாங்கவில்லை.

“டப்பா மேல குண்டு பாப்பா படம் போட்டுகிறான் டாக்டரம்மா. இதுவும் டப்பா பாலுதானே குடிக்குது? என் பொண்ணு மட்டும் ஏன் இப்டி கீது?”

எனக்கும் அதே சந்தேகம்தான். உள்ளே போகிற பால் எங்கேதான் போகிறது?

“பாதி, உடம்பைச் சூடா வச்சுக்கவே செலவாயிடுது” என்றார் டாக்டரம்மா. “மீதியைச் செரிக்கக் குடல் இன்னும் பழகலை. அங்கே நல்ல கிருமிங்க குடிவரணும்.”

நல்ல கிருமியா! கிருமி என்றால் கொல்ல வேண்டியது என்றுதானே நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்?

“நாங்க போட்ட மருந்து நல்லது, கெட்டதுன்னு பார்க்காது. எல்லாத்தையும் காலி பண்ணிடும். போடாம விட்டிருந்தா குழந்தையே இருந்திருக்காது” என்றவர், செல்வியின் கட்டிலில் உட்கார்ந்தார். “தாய்ப்பால் வந்தா அதுங்களும் வரும். முயற்சி பண்ணிப் பார்க்கலாமாம்மா?”

செல்வி முயன்றாள். நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி கையால் பிழிந்து பிழிந்து... கிடைத்தது, கரண்டி நனைகிற அளவு. அதைப் பார்த்து அழுதுவிட்டாள்.

“இது இன்னாக்கா... எறும்புக்குக் கூடப் பத்தாது.”

“எறும்புக்குப் பத்தாதுதான். உன் பொண்ணுக்கு இன்னிக்கு இது போதும்” என்று டாக்டரம்மா அந்தச் சொட்டுகளை வாங்கிக்கொண்டு போனார். அவர் சிரிக்கவில்லை. அதனாலேயே செல்வி நம்பினாள் என்று நினைக்கிறேன்.

பிறகு குழந்தையைச் செல்வியின் வெறும் மார்போடு சேர்த்து வைத்துப் புடவையால் சுற்றினார்கள். குழந்தை அப்படிக் கிடந்தபோது, தாய்க்குப் பால் கசிந்து புடவை நனையத் தொடங்கியது. கரண்டியை நனைத்த பால், குழந்தைக்குப் புகட்டும் பாலாடையை நிறைக்கிற அளவுக்கு வந்தது. டப்பா பால் குறைந்தது. உப்பின வயிறு இளகியது.

அப்போதுதான் அந்தத் துணி. அதுவரை பச்சையாகப் போன குழந்தை, மஞ்சளாகப் போயிருந்தது. லேசான புளிப்பு வாசனை, மோர்ப் பானையைத் திறந்த மாதிரி.

“வந்துட்டாங்க போல!” என்றார் டாக்டரம்மா, விருந்தாளி வந்த குரலில்.

“இனிமே எடை ஏறிடுமா?” என்றேன்.

“ஏறணும். ஆனா தாய்ப்பாலா, தாய்ச்சூடா, கிருமியா, எது எவ்வளவு வேலை செய்யுதுன்னு கேட்காதீங்க. எனக்கும் தெரியாது. தெரிஞ்சுக்க ஆசைதான்.”

எவ்வளவு படித்தவர், எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்!

அடுத்த நாள் தராசு முள் அசையவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. செல்வி தராசுப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டாள். ஒரு காலை, ஷிஃப்ட் முடிந்து அழுக்குச் சட்டையோடு வந்த தேவராஜ்தான் முதலில் பார்த்தான்.

“ஏறிக்கினு கீதுடி!”

வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் அதட்டினாள். அவன் காதில் அது விழவேயில்லை.

இப்போது வள்ளி வீட்டுக்கு வந்துவிட்டாள். வல்லக்கோட்டைக் கோயிலில் அவளுக்கு மொட்டை போடுவதாகத் தேவராஜ் வேண்டிக்கொண்டிருக்கிறான். அவள் அழுகிற அழுகையில் எங்கள் வீட்டு ரேடியோ கேட்பதில்லை.

நான் மட்டும் கேள்விகளோடு திரும்பியிருக்கிறேன். வள்ளிக்கு மட்டுமில்லை; உங்களுக்கும் எனக்கும் உள்ளே ஒரு கூட்டமே குடியிருக்கிறதாம். நாம் போடுகிற சோற்றில் பங்கு வாங்கிக்கொண்டு, பதிலுக்கு நம்மை வளர்க்கிறதாம். அவர்களுக்கு நம்மைத் தெரியுமா?

நேற்று பஸ்ஸில் ஒரு அம்மா, “தனியாவா வந்தீங்க?” என்று கேட்டார். என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை.